முறிவு விழும் இடம்: ஏஎம்4உம் எல்ஜிஏ 1700உம்

பொத்துவிலில் ஒரு மேசைக் கணினி முழு உருவத்தோடு ஒரே நாளில் வீட்டுக்கு வருவது குறைவு. முதலில் பாவித்த பெட்டியொன்று வரும். பின்னொரு காலத்தில் ரேம் கூடும். பிள்ளை உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால், அல்லது கல்யாண வீடியோ தொகுக்கும் வேலை கைக்கு வந்தால், புரோசஸரும் மாறும். தேடும் சாமான் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அகப்படாவிட்டால், கொழும்பிலிருந்து ஏ4 வீதி வழியே 300 கிலோமீற்றருக்கு மேல் பார்சலாக வரவேண்டும். பொருந்தாத ரேம் துண்டு அவ்வளவு தூரமும் திரும்பிப் போகவும் வேண்டும். ஆகையால் ‘எவ்வளவு வேகம்’ என்ற கேள்விக்கு முன்னால் ‘பொருந்துமா’ என்ற கேள்வி இங்கே நிற்கிறது.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மேடைகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று ஏஎம்டியின் ஏஎம்4. அதன் வாரிசு ஏஎம்5ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது இல்லாமல் ஏஎம்4இன் குணம் புரியாது. மற்றது இன்டெலின் எல்ஜிஏ 1700. டிடிஆர்4இலிருந்து டிடிஆர்5க்கு உலகம் கடந்துபோன வருடங்களில் எதிரெதிரே நின்றவை இவைதான்.

கடைகளில் நிலவும் தீர்ப்பு ஒன்று உண்டு: ஏஎம்டி சொக்கெட்டை மாற்றாது, இன்டெல் மாற்றிக்கொண்டே இருக்கும். தீர்ப்புக்குச் சாட்சி வலுவாகவே இருக்கிறது. 2017 மார்ச்சில் முதல் ரைசன் உட்கார்ந்த ஏஎம்4இல் 2024இலும் புதிய புரோசஸர் வந்து உட்கார்ந்தது. அதே காலத்தில் இன்டெல் 1151, 1200, 1700, 1851 என்று நான்கு எண்களைக் கடந்தது. அந்த 1151கூட ஒன்றல்ல, இரண்டு. 2017 ஒக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் போலவே 1151 தொடுகைகள்தான். ஆனாலும் 100, 200 வரிசைப் போர்டுகளில் அது இயங்காது. எண் ஒன்று, உறவு இல்லை.

இது சொக்கெட்டின் பக்கத்திலிருந்து பார்த்த காட்சி. அங்கிருந்து நான்கு விரல் தள்ளி, ரேம் செருகும் இடத்திலிருந்து பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகிறது. ஏஎம்4 டிடிஆர்4ஐ மட்டும் ஏற்கும். 2022 செப்டெம்பரில் வந்த ஏஎம்5 டிடிஆர்5ஐ மட்டும் ஏற்கும். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. ஏஎம்4 வீட்டிலிருந்து ஏஎம்5 வீட்டுக்குப் போகிறவர் தன் ரேமை வாசலில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எல்ஜிஏ 1700 அப்படியல்ல. 2021 நவம்பரின் 12ஆம் தலைமுறையிலிருந்து 2023 ஒக்டோபரின் 14ஆம் தலைமுறை வரை, அதில் உட்காரும் மேசைக் கணினிப் புரோசஸர்கள் இருவகை நினைவகத்தையும் அறிந்தவை. கோர் ஐ3-12100 ஒன்றை டிடிஆர்4-3200 போர்டிலும் வைக்கலாம், டிடிஆர்5-4800 போர்டிலும் வைக்கலாம். எந்த ரேம் என்பதை அங்கே முடிவுசெய்வது புரோசஸர் அல்ல, போர்டு. சொக்கெட்டில் பிடிவாதம் பிடித்த கம்பனி ரேமில் இளகியது. சொக்கெட்டில் இளகிய கம்பனி ரேமில் பிடிவாதம் பிடித்தது.

இரண்டுமே முறிவைத் தவிர்க்கவில்லை. முறிவு விழும் இடத்தைத்தான் வெவ்வேறாகத் தேர்ந்தன. இன்டெல் பக்கத்தில் அது போர்டில் விழுகிறது: போர்டு மாறும், ரேம் தப்பும். ஏஎம்டி பக்கத்தில் அது நீண்ட காலத்துக்கு விழுவதே இல்லை. விழும்போது போர்டு, ரேம், புரோசஸர் மூன்றையும் ஒருசேரக் கொண்டுபோகிறது. சின்னச் சின்னத் தவணைகளாக அடிக்கடி கட்டுவதா, நெடுநாள் கட்டாமலிருந்து ஒரே மூச்சில் கட்டுவதா என்பதே வேறுபாடு.

இந்த வேறுபாடு நம் கரையில் வெறும் கணக்காக நிற்கவில்லை, காலத்தோடு மோதியது. டிடிஆர்5 மேசைக்கு வந்த 2021 நவம்பருக்கும் ஏஎம்5 வந்த 2022 செப்டெம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே இலங்கை ரூபாய் விழுந்தது. மார்ச்சுக்கு முன் 200 ரூபாய்க்குச் சற்று மேலிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ நெருங்கியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. டொலரில் விலை போடப்படும் ஒரு சாமான் தலைமுறை மாறுவதற்கு இதைவிடப் பொருந்தாத வேளை இருக்க முடியாது. அந்த வேளையில் இரண்டு கம்பனிகளும், அவற்றுக்கே தெரியாமல், நம்மைப் போன்ற ஊர்களுக்கு இரண்டு வெவ்வேறு உதவிகளைச் செய்தன. இன்டெல், புதிய புரோசஸரைப் பழைய ரேமோடு வாழவிட்டது. ஏஎம்டி, பழைய போர்டுக்குப் புதிய புரோசஸரைக் கொடுத்தது: ரைசன் 5 5500, 5600, ரைசன் 7 5800எக்ஸ்3டி மூன்றும் ஏஎம்4க்கு வந்தது 2022 ஏப்ரலில்தான். கையில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருந்தவருக்கு முதல் உதவி பெரிது. கையில் நல்ல ஏஎம்4 போர்டு வைத்திருந்தவருக்கு இரண்டாவது பெரிது.

எந்தக் கம்பனிக்கு எது இயல்பு என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். வரலாறு அதற்கு இடம்கொடுக்கவில்லை. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. இருபது வருடம் பின்னால் போனால் இருவரும் வேடம் மாறி நிற்கிறார்கள். 2004இல் வந்த இன்டெலின் எல்ஜிஏ 775, டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என்று மூன்று தலைமுறை ரேமைக் கண்ட சொக்கெட். அதே காலத்தில் ஏஎம்டி 754, 939, ஏஎம்2 என்று மூன்று வருடத்துக்குள் வாசல்களை மாற்றிக்கொண்டிருந்தது. 939இலிருந்து ஏஎம்2க்குப் போனதன் தலையாய காரணம் டிடிஆர்2. இன்று ஏஎம்டிக்குச் சொல்லும் புகழ் அன்று இன்டெலுக்கும், இன்று இன்டெலைச் சொல்லும் குறை அன்று ஏஎம்டிக்கும் சொந்தமாக இருந்தது.

காரணம் கம்பனிகளின் மனத்தில் இல்லை. ரேமோடு பேசும் நினைவகக் கட்டுப்படுத்தி எங்கே குடியிருந்தது என்பதில் இருக்கிறது. 775 காலத்தில் அது புரோசஸருக்கு வெளியே, போர்டிலுள்ள சிப்செட்டுக்குள் இருந்தது. ஆகவே சிப்செட்டை மாற்றினால் போதும், ரேம் மாறும். புரோசஸருக்கு அதைப் பற்றித் தெரியவே வேண்டியதில்லை. ஏஎம்டியோ 2003இலேயே ஒப்டெரொனோடும் அத்லன் 64ஓடும் கட்டுப்படுத்தியைப் புரோசஸருக்குள் கொண்டுவந்துவிட்டது. வேகம் கூடியது, விலையாகச் சொக்கெட் ரேமோடு கட்டுண்டது. இன்டெல் அதே படியை 2008 நவம்பரில், முதல் கோர் ஐ7இல் எடுத்தது. எடுத்த பிறகு அதற்கும் அதே கதி வந்தது. ஆக, இன்டெல் அடிக்கடி சொக்கெட் மாற்றத் தொடங்கியது ஏஎம்டியின் வழியைப் பின்பற்றிய பின்னர்தான் என்றுகூடச் சொல்லலாம். முழுக் காரணம் அதுவல்ல, ஆனால் காரணங்களில் ஒன்று.

அதைவிட எதிர்பாராத உறவும் ஒன்று உண்டு. ஒரே புரோசஸருக்குள் இரண்டு தலைமுறை ரேமுக்கும் இடம்வைப்பது 2021இல் இன்டெல் கண்டுபிடித்த வித்தை அல்ல. 2009இல் ஏஎம்டி அதைச் செய்தது. ஏஎம்3 வகை பீனம் 2 புரோசஸர்கள் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டையும் அறிந்தவை. பழைய ஏஎம்2+ போர்டிலும் உட்காரும், புதிய ஏஎம்3 போர்டிலும் உட்காரும். இன்டெலும் 2015இன் ஆறாம் தலைமுறையில் டிடிஆர்4ஓடு 1.35 வோல்ற்றில் ஓடும் டிடிஆர்3எல் வகையையும் அனுமதித்தது. இருவரும் இந்தப் பாலத்தைக் கட்டியிருக்கிறார்கள், இருவரும் கட்டாமலும் விட்டிருக்கிறார்கள்.

2015இன் பாலம் இன்னும் நம் பாவித்த சந்தையில் மக்களைத் தடுமாறவைக்கிறது. வெளிநாட்டு அலுவலகங்களில் ஓய்வுபெற்று வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். 3040, 5040, 7040 மூன்றும் ஆறாம் தலைமுறை; ஐ5-6500 மூன்றிலும் இருக்கும். முதல் இரண்டுக்கும் டிடிஆர்3எல், மூன்றாவதுக்கு டிடிஆர்4. ‘ஆறாம் ஜெனரேஷன்’ என்ற ஒரு சொல்லை நம்பி ரேம் வாங்கியவர் கையில் பொருந்தாத துண்டோடு நிற்பார். எல்ஜிஏ 1700லும் இதே பொறி உண்டு. சில உற்பத்தியாளர்கள் போர்டின் பெயர்க் கடைசியில் ‘டி4’ என்று போட்டிருப்பார்கள், சிலர் போடமாட்டார்கள். ரேம் செருகும் பள்ளத்தின் நடுத் தடுப்பைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருக்கும். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 தொடுகைகள்தான், நீளமும் ஒன்றுதான், வெட்டு மட்டும் சற்று நகர்ந்திருக்கும். ஏஎம்4இலும் ஏஎம்5இலும் இந்தக் குழப்பம் பிறக்கவே வழியில்லை. பிடிவாதத்துக்கு இப்படியொரு தெளிவு உண்டு. ஏஎம்4 என்று சொன்னவுடன் ரேமின் வகையும் சொன்னதாகிவிடுகிறது. எல்ஜிஏ 1700 என்று சொன்னால் இன்னொரு கேள்வி பாக்கி நிற்கிறது.

கடை மேசையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“காக்கா, எட்டு ஜிபி ரேம் ஒண்டு இருக்கா?”

“எந்த ரேம் தம்பி? டிடிஆர் மூண்டா, நாலா? போர்ட் என்ன போர்ட்?”

மூன்றா நாலா என்பது தெரிந்துவிட்டாலும் கேள்வி முடிவதில்லை என்பதற்கு டிடிஆர்3 காலம் விட்டுப்போன ஒரு சாட்சி இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும், இரு கம்பனிகளின் கட்டுப்படுத்திகளும் எவ்வளவு வேறு என்பதை அதுபோல் வேறெதுவும் காட்டாது. இணையத்தில் மலிவாக ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்ற குறிப்போடு விற்கப்பட்ட 4 ஜிபி டிடிஆர்3 துண்டுகள் உண்டு. பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப்கள் இருக்கும். ஏஎம்3 போர்டில் செருகினால் ஓடும். இன்டெல் போர்டில் செருகினால் டிஸ்ப்ளே வராது. அதற்கு நேர்மாறான இன்னொரு துண்டும் உண்டு. எல்ஜிஏ 775இன் கடைசிக் கால ஜி41 போர்டுகள் 4 ஜிபி துண்டை ஏற்க வேண்டுமென்றால் அதிலும் பதினாறு சிப்கள் இருக்கவேண்டும். எட்டு சிப்களோடு வரும் பிற்காலத்து 4 ஜிபி துண்டை அது அறியாது. இரண்டு துண்டையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தால் அளவு ஒன்று, சிப்களின் எண்ணிக்கை ஒன்று, ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவும் இரண்டு ஜிகாபிட். கண்ணுக்கு இரட்டையர். ஆனால் முதல் துண்டின் சிப் ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் நான்கு பிட் பேசும். அது சேர்வர்களுக்காகச் செய்யப்பட்ட வகை, ஏஎம்டி கட்டுப்படுத்திக்கு அந்தப் பேச்சு புரியும், இன்டெலின் மேசைக் கட்டுப்படுத்திக்குப் புரியாது. இரண்டாவது துண்டின் சிப் எட்டு பிட் பேசும். அது இரு வீட்டுக்கும் பொது. பழுதாகத் தெரிவது பழுதல்ல. அறியாத முகவரி அமைப்பில் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் திருப்பிவிடுவதுபோல் கட்டுப்படுத்தி அந்தத் துண்டைத் திருப்பிவிடுகிறது. இதை அறியாமல் நல்ல ரேமைக் குப்பையில் போட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

டிடிஆர்4 காலத்தில் இந்தப் பெரிய இடைவெளி மூடிவிட்டது. ஆனால் ரைசனின் தொடக்கம் சுமுகமாக இருக்கவில்லை. 2017இல் முதல் ரைசன் புரோசஸர்கள் ரேம் விடயத்தில் மிகவும் தெரிவு பார்த்தன. சம்சுங்கின் குறிப்பிட்ட சிப் இருந்தால் உற்சாகமாக ஓடும், மற்றவற்றில் அறிவித்த வேகத்தை எட்டாது. அந்த வருட நடுப்பகுதியில் வந்த பயோஸ் மேம்படுத்தல்கள் பலவற்றைச் சரிசெய்தன. அதே வருடத்து இன்டெல் மேடை எந்தத் துண்டை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது.

வாங்கிக்கொண்டது என்பது உண்மை. ஆனால் வாங்கியதை முழுவதும் பயன்படுத்தியதா என்று கேட்கவேண்டும். பி360 போர்டில் 3200 ரேமைச் செருகினாலும் ஐ5-8400ஓடு அது 2666இலேயே ஓடும். மலிவான போர்டுகளில் இன்டெல் ரேம் வேகத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. 2021இன் பி560இல்தான் நடுத்தர போர்டுகளுக்கு அந்தப் பூட்டு திறந்தது, எச்610இல் இன்றும் திறக்கவில்லை. ஏஎம்டி, பி350, பி450 போன்ற சாதாரண போர்டுகளிலேயே ரேமைத் தூக்கிவிட அனுமதித்தது. சேர்க்கையில் கண்டிப்பும் வேகத்தில் தாராளமும் ஒரு பக்கம். சேர்க்கையில் தாராளமும் வேகத்தில் கண்டிப்பும் மறு பக்கம். இப்படி ஒரு குறுக்குச் சமச்சீர் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வேகத்தின் உள்ளே போனால் பெயர் மட்டும் வேறாக ஒரே யுக்தி காத்திருக்கிறது. ஏஎம்4இல் ரேமும் கட்டுப்படுத்தியும் ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் ஓடும். 3600ஐத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கட்டுப்படுத்தி மூச்சுவாங்கி அரை வேகத்துக்கு இறங்கும். இன்டெல் இதையே 11ஆம் தலைமுறையில் கியர் 1, கியர் 2 என்று பெயரிட்டது. முழு வேகம், அரை வேகம். 12ஆம் தலைமுறையில் டிடிஆர்4-3200ஐ கியர் 1இல் ஓட்டலாம். டிடிஆர்5 போட்டால் கட்டுப்படுத்தி கியர் 2க்குப் போகும். ஆகையால்தான் அந்த மேடையில் டிடிஆர்4 துண்டைப் பிடித்துக்கொண்டவர் பல வேலைகளில் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. ஏஎம்5 டிடிஆர்5-6000 வரை ஒன்றுக்கொன்றாகவே ஓட முயல்கிறது. 6000 என்ற எண் ஏஎம்5 ரேம் வாங்குபவர் வாயில் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான்.

நான்கு பள்ளத்தையும் நிரப்பும்போது இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ரைசன் 7000 இரண்டு துண்டோடு 5200 என்று ஏஎம்டி உறுதி கொடுக்கிறது. நான்கு போட்டால் உறுதி 3600க்கு இறங்குகிறது. 12ஆம் தலைமுறை இன்டெலில் இருபக்கச் சிப்களுள்ள இருநிலைத் துண்டுகள் நான்கு போட்டால் உறுதி அதே 3600. பாதைகள் வெவ்வேறு, எண் ஒன்று. இங்கே நம் ஊர்ப் பழக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ‘இப்போதைக்கு இரண்டு போடுவோம், காசு வந்தால் இன்னும் இரண்டு’ என்பது டிடிஆர்3, டிடிஆர்4 காலத்தில் நல்ல திட்டம். டிடிஆர்5இல், எந்தக் கம்பனியானாலும், அது நல்ல திட்டம் அல்ல. 8 ஜிபி நான்கு என்று போகாமல் 16 ஜிபி இரண்டு என்று ஒரே தடவையில் எடுப்பதே சரி.

கிராபிக்ஸ் கார்ட் வாங்க வசதியில்லாத வீட்டில் ரேமுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது: திரையும் அதிலிருந்தே உண்ணும். ரைசன் 5 5600ஜி, ஐ3-12100 இரண்டிலும் திரைக்கான பகுதி உள்ளேயே உண்டு. ஒற்றை 16 ஜிபி துண்டுக்கும் இரண்டு 8 ஜிபி துண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்டெலில் தெரியும். 5600ஜியில் இன்னும் நன்றாகத் தெரியும், அதன் கிராபிக்ஸ் பகுதி பெரிது, பசியும் பெரிது. திரைப் பகுதி இல்லாத புரோசஸர்களில் இருவரும் மீண்டும் நெருங்குகிறார்கள். இன்டெலில் பெயர்க் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் திரை இல்லை. ஏஎம்4 ரைசனில் பெரும்பாலும் ‘ஜி’ இல்லாவிட்டால் திரை இல்லை. ஏஎம்5க்கு வந்தபோது ஏஎம்டி எல்லாவற்றிலும் சிறிய திரைப் பகுதி ஒன்றை வைத்துவிட்டு, இல்லாதவற்றுக்கு 7500எஃப், 8400எஃப் என்று இன்டெலின் எழுத்தையே எடுத்துக்கொண்டது.

சொக்கெட்டின் நீண்ட ஆயுளுக்கு ஏஎம்டி வாங்குபவர் மறைமுகமாக ஒரு விலை கொடுக்கிறார். அந்த விலை நகரத்தைவிட இங்கே கூடுதல். நெடுநாள் கடையில் கிடந்த பி450 போர்டில் பழைய பயோஸ் இருக்கும். புதிய 5000 வரிசைப் புரோசஸரை அது அறியாது. பயோஸை மேம்படுத்த, அது அறிந்த பழைய புரோசஸர் ஒன்று வேண்டும். 2018இலேயே இதே வகைச் சிக்கலுக்காக ஏஎம்டி வாடிக்கையாளர்களுக்குப் பழைய புரோசஸரைத் தற்காலிகமாக அனுப்பிவைக்கும் ஏற்பாடு ஒன்றை நடத்தியது. முதலில் வந்த 300 வரிசைப் போர்டுகளுக்கு 5000 வரிசையின் அதிகாரபூர்வ ஆதரவு 2022இல்தான் கிடைத்தது. எல்ஜிஏ 1700லும் இது உண்டு: 12ஆம் தலைமுறைக்கு வந்த பி660 போர்டு, 13ஐ அறிய பயோஸ் மேம்படுத்தல் கேட்கும். ஏழு வருட ஆயுளில் வரும் தொல்லை இரண்டு வருட ஆயுளில் குறைவாக வருகிறது, அவ்வளவுதான். புரோசஸர் இல்லாமலே யுஎஸ்பி வழியாக பயோஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டு இரண்டு பக்கமும் கிடைக்கிறது. கொழும்பிலிருந்து தருவிப்பவர் அந்தப் பொத்தானுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல.

ரேமும் புரோசஸரும் பொருந்தியும் பொருந்தாததுபோல் தோன்றும் ஒரு தருணத்தையும் சொல்லவேண்டும். ஏஎம்5ஐ முதன்முதலில் இயக்கும்போது கட்டுப்படுத்தி ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை இருண்டே இருக்கும். அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தினால் பழக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆரம்ப கால பயோஸ்களில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இந்தக் காத்திருப்பு நேர்ந்தது. மின்சாரம் வந்துபோகும் ஊரில், யுபிஎஸ் இல்லாத வீட்டில், இது ‘போர்ட் செத்துப்போச்சு’ என்ற முடிவுக்கு இலகுவாகக் கொண்டுபோய்விடும். டிடிஆர்4 போட்ட எல்ஜிஏ 1700இல் அவ்வளவு நேரம் காக்கவேண்டியதில்லை. டிடிஆர்5 போட்டதில் ஓரளவு உண்டு.

இருண்ட திரைக்குக் கடற்காற்றும் காரணமாகலாம். அறுகம்பையிலிருந்து வீசும் உப்புக்காற்று ரேமின் தொடுகைகளில் படிந்து மங்கலாக்கும். திருத்துபவர் துண்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துச் செருகினால் உயிர் வரும். இந்தச் சோதனையை எந்தப் பொருத்தப் பட்டியலையும் திறப்பதற்கு முன் செய்துவிடுவது நல்லது, ரேம் இரு கம்பனிக்கும் ஒன்றே. புரோசஸரில்தான் வேறுபாடு. ஏஎம்4இல் 1331 ஊசிகளும் புரோசஸரின் அடியில். கீழே விழுந்து ஊசி வளைந்தால் நிதானமுள்ள கை ஒரு மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிடலாம், ரேமின் ஒரு சானல் காணாமற்போனால் ஊசியை முதலில் சந்தேகிக்கலாம். எல்ஜிஏ 1700இல் ஊசிகள் போர்டின் பக்கம். அவை வளைந்தால் நிமிர்த்துவது மிகக் கடினம், போர்டே போகும். ஏஎம்5இல் ஏஎம்டியும் ஊசிகளைப் போர்டுக்கு மாற்றிவிட்டது. தொடுகைகள் 1718. எதிராளியின் 1700க்கு அருகில், எதிராளியின் பாணியிலேயே.

இவ்வளவும் பார்த்த பின் என் எடை இப்படி விழுகிறது. டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே கையிலிருந்து, போர்டும் புரோசஸரும் புதிதாகத் தேவைப்படுபவருக்கு எல்ஜிஏ 1700இன் டிடிஆர்4 போர்டுதான் இரக்கமுள்ள தேர்வு. இயங்கும் ஏஎம்4 போர்டு இருப்பவர் அதைக் கழற்றவே கூடாது. புரோசஸரை மட்டும் உயர்த்தி மிச்ச வருடங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாமே வெறுமையிலிருந்து தொடங்குபவர், அடுத்த முறை புரோசஸரை மட்டும் மாற்ற எண்ணினால், ஏஎம்5க்குப் போகலாம். அந்தச் சொக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

இந்த எடையை 2025 சற்று அசைத்தது. பெரிய நினைவக உற்பத்தியாளர்கள் டிடிஆர்4ஐ ஒதுக்கத் தொடங்க, அதன் விலை ஏறியது. ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் டிடிஆர்5உம் பாய்ந்தது. டிசெம்பரில் மைக்ரொன், தனது குருஷல் என்ற சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பழைய பெட்டியில் தூங்கும் 8 ஜிபி துண்டுக்கு, அதைச் சுற்றியுள்ள புரோசஸரைவிட மதிப்பு ஏறக்கூடிய நிலை இது. ரேமைக் காப்பாற்றும் இன்டெலின் வழிக்கு இதனால் எடை கூடுகிறது என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த வழியும் மூடிவிட்டது: 2024 ஒக்டோபரில் வந்த எல்ஜிஏ 1851 டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கிறது, ஏஎம்5ஐப் போலவே. இப்போது இரு மேடைகளுக்கும் ஒரே வகைத் துண்டு, ஒரே வெட்டு, ஒரே 1.1 வோல்ற். எல்ஜிஏ 1700இன் டிடிஆர்5 போர்டிலிருந்து கழற்றிய துண்டு ஏஎம்5க்கும் போகும், 1851க்கும் போகும். இன்டெலின் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் எக்ஸ்போ என்ற இரண்டு வேகக் குறிப்புகளையும் ஒருங்கே சுமந்த துண்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அடுத்து வாங்கப்போவது எந்தக் கம்பனியின் புரோசஸர் என்று இன்னும் முடிவெடுக்காத ஒருவர் இன்று ரேமை முதலில் வாங்கிவைக்கலாம்; 16 ஜிபி இரண்டாக, இரு குறிப்பும் உள்ளதாகப் பார்த்து.